பழைய பெட்டிக்கு இன்னும் வேலை உண்டா?

மின்விசிறி ஓட ஓட அதன் தாங்குருளைகள் தேய்கின்றன. மிதிவண்டியின் சங்கிலி நாளடைவில் தளர்கிறது. உழைக்கும் பொருள் தேயும். தேய்ந்த பொருள் ஒருநாள் பயனற்றுப் போகும். இது நாம் அனைவரும் அறிந்த உண்மை. ஆனால் சுழலும் உறுப்பு ஒன்றுகூட இல்லாத ஒரு கருவி, மேலே ஒரு கீறலும் விழாத நிலையில், திடீரென்று ஒருநாள் வேலை செய்ய மறுத்தால் அதை என்னவென்று சொல்வீர்கள்?

2025-ஆம் ஆண்டு மார்ச் 9-ஆம் நாள் அப்படித்தான் நிகழ்ந்தது. தொலைக்காட்சிப் பெட்டியின் பின்புறம் செருகி, கைப்பேசியில் காணும் படத்தைப் பெரிய திரையில் காட்டப் பயன்படும் குரோம்காஸ்ட் என்னும் சிறு கருவியை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். கூகுள் நிறுவனம் 2015-இல் வெளியிட்ட அதன் இரண்டாம் தலைமுறைக் கருவிகள், உலகின் பல நாடுகளிலும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் செயலிழந்தன. மின்சாரம் தடைப்படவில்லை, கம்பி அறவில்லை, சில்லு எரியவில்லை. முந்திய நாள் இரவு படம் காட்டிய கருவி மறுநாள் "நம்பத்தகாத கருவி" என்று கைப்பேசியால் ஒதுக்கப்பட்டது.

காரணம் என்ன? அதைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், வீட்டுக்குள் ஒலியையும் ஒளியையும் கொண்டுவரும் பெட்டிகளின் வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும். அந்த வரலாறு, "பழையதை வைத்துக்கொள்வதா, புதியதை வாங்குவதா?" என்று இன்று பல வீடுகளில் எழும் கேள்விக்கும் விடை காண உதவும்.

வானொலி கற்பித்த முதற்பாடம்

நல்ல நிலையில் உள்ள கருவி ஓர் ஆணையால் பயனற்றுப் போவது இன்று நேற்றுத் தோன்றிய செய்தி அன்று. அமெரிக்கப் பொறியியலாளர் எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் 1930-களில் பண்பலை வானொலியை உருவாக்கினார். இரைச்சலற்ற, தெளிவான ஒலி அதன் சிறப்பு. மக்கள் அதற்கான பெட்டிகளை வாங்கினார்கள். அன்று அந்த ஒலிபரப்பு 42 முதல் 50 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசையில் நடைபெற்றது. 1945-இல் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் பண்பலையை 88 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட வரிசைக்கு மாற்றியது. விளைவு? மக்கள் வாங்கி வைத்திருந்த லட்சக்கணக்கான பெட்டிகள் காலப்போக்கில் வெறும் மரப்பெட்டிகளாயின. பெட்டியில் பழுது இல்லை. அது கேட்கும் இடத்தில் பேசுவோர் இல்லை!

சில ஆண்டுகளில் இதே ஆபத்து தொலைக்காட்சிக்கும் வந்தது. 1950-இல் சி.பி.எஸ். நிறுவனத்தின் வண்ணத் தொலைக்காட்சி முறைக்கு அதே ஆணையம் ஒப்புதல் வழங்கியது. வண்ணம் நன்றாகவே தெரிந்தது. ஆனால் வீடுகளில் ஏற்கெனவே இருந்த ஏறக்குறைய ஒரு கோடி கறுப்பு-வெள்ளைப் பெட்டிகளால் அந்த அலையைப் படமாக்க இயலவில்லை. 1951-இல் தொடங்கிய அந்த ஒளிபரப்பு சில மாதங்களிலேயே நின்றுபோயிற்று.

பிறகு பொறியியலாளர்கள் வேறொரு வழி கண்டார்கள். படத்தின் வெளிச்ச அளவை ஓர் அலையாகவும், வண்ணச் செய்தியை அதன் மீது ஏற்றிய துணை அலையாகவும் அனுப்பினார்கள். பழைய பெட்டி வெளிச்ச அலையை மட்டும் எடுத்துக்கொண்டு கறுப்பு-வெள்ளைப் படம் காட்டும். புதிய பெட்டி இரண்டையும் எடுத்துக்கொண்டு வண்ணப் படம் காட்டும். ஒரே ஒளிபரப்பு; இரு வகைப் பெட்டிகளுக்கும் உணவு! 1953 டிசம்பரில் இம்முறை அமெரிக்காவில் ஏற்கப்பட்டது. நம் நாட்டில் 1982-இல் தூர்தர்ஷன் வண்ண ஒளிபரப்பைத் தொடங்கியபோது, கறுப்பு-வெள்ளைப் பெட்டி வைத்திருந்த வீடுகளில் யாரும் அதைத் தூக்கி எறிய நேரவில்லை. அதற்கும் இதே தத்துவம்தான் காரணம்.

மூன்றாவது வழியும் உண்டு. 2009 ஜூன் 12-இல் அமெரிக்காவில் முழுத்திறன் நிலையங்களின் பழைய அலைமுறைத் தொலைக்காட்சி நிறுத்தப்பட்டு எண்முறைக்கு மாறியது. அப்போது அரசே, வீட்டுக்கு இரண்டு வரை, 40 டாலர் மதிப்புள்ள சலுகைச் சீட்டுகளை வழங்கியது. அதைக் கொண்டு மக்கள் ஒரு மாற்றிப் பெட்டியை வாங்கிப் பழைய தொலைக்காட்சியோடு இணைத்துக்கொண்டார்கள்.

ஆக, அலை மாறும்போது பழைய பெட்டியைக் கைவிடலாம். புதிய அலையையே பழைய பெட்டிக்கும் ஏற்றதாக அமைக்கலாம். அல்லது இடையில் ஒரு மொழிபெயர்ப்பாளரை வைக்கலாம். இந்த மூன்று வழிகளையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இனி வரும் கதையில் இவை மீண்டும் மீண்டும் தலைகாட்டும்.

இணையத்திலிருந்து வரும் படம்

முழுக் கோப்பும் வந்து சேரும்வரை காத்திராமல், வந்த பகுதியை உடனே இசைத்துக்கொண்டே அடுத்த பகுதியை வரவழைக்கும் முறைக்கு ஸ்ட்ரீமிங் என்று பெயர். குழாயிலிருந்து குடத்துக்கும், குடத்திலிருந்து குவளைக்கும் நீர் வருவதை எண்ணிப் பாருங்கள். குழாய் சிறிது நேரம் நின்றாலும் குடத்தில் நீர் இருக்கும்வரை குவளை நிறையும். கருவியின் நினைவகம்தான் அந்தக் குடம்.

ஆனால் படத்தை அப்படியே அனுப்ப முடியாது. ஒரு சிறு கணக்குப் போடுவோம். குறுக்கே 1920 புள்ளிகளும் நெடுக்கே 1080 புள்ளிகளும் கொண்ட ஒரு படத்தில் ஏறத்தாழ 20 லட்சத்து 74 ஆயிரம் புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளியின் நிறத்துக்கும் 24 பிட்டுகள் வேண்டும். நொடிக்கு 25 படங்கள் என்றால், நொடிக்குச் சுமார் 124 கோடி பிட்டுகள்! வீட்டு இணையத்தில் நொடிக்கு 50 லட்சம் பிட்டுகளை இதற்காக ஒதுக்குகிறோம் என்று கொண்டால், படத்தை ஏறக்குறைய 250-இல் ஒரு பங்காகச் சுருக்கியாக வேண்டும். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் அனுப்புதல், கண்ணுக்குப் புலப்படாத நுட்பங்களை விட்டுவிடுதல் போன்ற வழிகளால் இது நடைபெறுகிறது. சுருக்கி வந்ததை மீண்டும் விரித்துக் காட்டுவதே நம் வீட்டுப் பெட்டியின் தலையாய வேலை.

2001-இல் கலிஃபோர்னியாவின் ஸ்லிம் டிவைசஸ் என்னும் சிறு நிறுவனம் ஸ்லிம்பி3 என்ற கருவியை வெளியிட்டது. கணிப்பொறியில் சேமித்த எம்.பி.3 பாடல்களை வீட்டுக் கம்பிப் பிணையம் வழியாக வாங்கி ஒலிபெருக்கிக்குத் தருவது அதன் பணி. அதன் வழித்தோன்றல்களே ஸ்குவீஸ்பாக்ஸ் எனப் புகழ்பெற்றன.

அதே 2001-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் எக்ஸ்பாக்ஸ் என்ற விளையாட்டுப் பெட்டியை வெளியிட்டது. 733 மெகாஹெர்ட்ஸ் வேகச் சில்லும் 64 மெகாபைட் நினைவகமும் கொண்ட அப்பெட்டியைச் சில ஆர்வலர்கள் மாற்றியமைத்து, அதில் படமும் பாட்டும் ஓட்டும் மென்பொருளை எழுதினார்கள். எக்ஸ்பாக்ஸ் மீடியா சென்டர் எனப்பட்ட அந்த மென்பொருளின் முதற்பதிப்பு 2004-இல் நிறைவுற்றது. 2014-இல் அது கோடி என்று பெயர் மாறியது. இது எண்ணைக் குறிக்கும் நம் கோடி அன்று. அம்மென்பொருளுக்கு இட்ட புதுப்பெயர்.

2007-இல் ஆப்பிள் நிறுவனத்தின் ஆப்பிள் டி.வி. 299 டாலர் விலையில் வந்தது. அதனுள் 40 கிகாபைட் வன்தட்டு இருந்தது. அவ்வாண்டே, அஞ்சலில் டி.வி.டி. வாடகைக்கு அனுப்பிவந்த நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் இணையம் வழிப் படங்களைக் காட்டத் தொடங்கியது. அந்நிறுவனத்துக்குள் உருவான ஒரு பெட்டித் திட்டம் ரோக்கு நிறுவனத்துக்குக் கைமாறி, 2008 மே மாதத்தில் சுமார் 100 டாலர் விலையில் சந்தைக்கு வந்தது. 2013-இல் குரோம்காஸ்ட் 35 டாலருக்கு விற்றது. ஆறே ஆண்டுகளில் விலை எப்படிச் சரிந்தது பாருங்கள்! விலை சரிந்ததும் பெட்டியைப் பற்றிய நம் மதிப்பும் சரிந்தது. 299 டாலர் பொருளைப் பழுது பார்க்கத் தோன்றும். 35 டாலர் பொருளைத் தூக்கி எறியத் தோன்றும்.

மூப்பு ஐந்து வகை

இப்பெட்டிகளுக்கு வரும் மூப்பு ஒரே வகையினதன்று. வகை தெரிந்தால்தான் மருந்தும் தெரியும். நோயாளியைப் பார்க்காமல் மருந்து எழுதும் வைத்தியர் உண்டா?

முதலாவது, உடல் மூப்பு. சுழலும் உறுப்பு இல்லாவிட்டாலும் வெப்பம் தன் வேலையைச் செய்கிறது. மின்வழங்கியில் உள்ள மின்பகு மின்தேக்கிகள் நாளடைவில் உலர்கின்றன. நினைவகச் சில்லின் ஒவ்வோர் அறையையும் குறிப்பிட்ட தடவைகளே அழித்தெழுத முடியும். ஆகவே, பெட்டி அடிக்கடி தானாக நின்று எழுந்தால் முதலில் ஐயுற வேண்டியது அதன் மின்வழங்கியை. அதே மின்னழுத்தமும், போதிய மின்னோட்டமும், அதே முனைவமைப்பும் கொண்ட வேறொன்றை மாட்டிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். காற்றோட்டமில்லாத மூலையிலிருந்து பெட்டியை வெளியே எடுத்து வைப்பதுகூடச் சில வேளைகளில் போதுமானது.

இரண்டாவது, விரிக்கும் திறனின் மூப்பு. சுருக்கிய படத்தை விரிப்பதற்கென்றே பெட்டியில் தனிச் சில்லுப் பகுதி உண்டு. அது இட்லித் தட்டுப் போன்றது. குழியின் வடிவம் எதுவோ அதுதான் வரும். அதில் தோசை வார்க்க இயலாது. எச்.264 என்னும் சுருக்க முறை 2003-இல் வந்தது. 2013-இல் அதனினும் திறமான எச்.இ.வி.சி., வி.பி.9 ஆகியவையும், 2018-இல் ஏ.வி.1 என்பதும் வந்தன. முந்திய முறைக்கென வார்த்த சில்லு பிந்திய முறையை அறியாது. மென்பொருளைக் கொண்டு விரிக்கலாமே என்பீர்கள். விரிக்கலாம், ஆனால் சிறு பெட்டியின் பொதுச் சில்லுக்கு அந்த வேகம் போதாது.

மூன்றாவது, நினைவகத்தின் மூப்பு. முதல் ஆப்பிள் டி.வி.யின் நினைவகம் 256 மெகாபைட். முதல் குரோம்காஸ்ட்டினுடையது 512 மெகாபைட். அன்றைய மென்பொருளுக்கு அது தாராளம். இன்றைய மென்பொருள்களோ, படம் காட்டுவதற்கு முன்பே, நூற்றுக்கணக்கான சிறு படங்களையும் விளம்பரங்களையும் திரையில் பரப்புகின்றன. பெட்டி மெதுவாகிவிட்டது என்கிறோம். உண்மையில் பெட்டி அதே வேகத்தில்தான் இருக்கிறது, சுமைதான் கூடிவிட்டது.

நான்காவது, சான்றிதழின் மூப்பு. இணையத்தில் இரு கருவிகள் பேசத் தொடங்குமுன், "நீ உண்மையில் இன்னார்தானா?" என்று கேட்டுக்கொள்கின்றன. விடையாக ஒரு மின்னணுச் சான்றிதழ் காட்டப்படுகிறது. அதை வழங்கியவருக்கு மேலொருவர் சான்று வழங்கியிருப்பார். அவருக்கும் மேலொருவர் உண்டு. இச்சங்கிலியின் ஒவ்வொரு கண்ணிக்கும் முடிவு நாள் உண்டு. 2000-இல் வழங்கப்பட்ட ஆட்டிரஸ்ட் என்னும் மூலச் சான்றிதழ் 2020 மே 30-இல் காலாவதியானது. அன்று ரோக்கு பெட்டிகள் சிலவற்றில் நிகழ்ச்சிகள் வராமல் போயின. 2025 மார்ச்சில் குரோம்காஸ்ட்டுக்கு நேர்ந்ததும் இதுவே. இக்கருவிகளின் சான்றிதழ்ச் சங்கிலியில் இடையிலிருந்த ஒரு கண்ணியின் ஆயுள் பத்து ஆண்டுகள் மட்டுமே. அது 2015 மார்ச்சில் தொடங்கி 2025 மார்ச் 9-இல் முடிந்தது. பொறுமையிழந்து, கருவியைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பியவர்கள் அதை மீண்டும் அமைக்க முடியாமல் கூடுதல் இடர்ப்பட்டார்கள். சில நாட்களில் கூகுள் திருத்தம் அனுப்பியது, கருவிகள் உயிர்பெற்றன. அனுப்ப ஒருவர் இருந்ததால் பிழைத்தன என்பதை மறந்துவிடாதீர்கள்.

ஐந்தாவது, தொலைவில் உள்ள கடையின் மூப்பு. பெட்டியிடம் குறையே இல்லாவிட்டாலும், படத்தை வழங்கும் நிறுவனம் "இனி உனக்குத் தருவதற்கில்லை" என்று சொல்லிவிடலாம். பாதுகாப்பு மாற்றங்களால் 2018 மே 25 முதல் முதல்தலைமுறை ஆப்பிள் டி.வி. அந்நிறுவனத்தின் சொந்தக் கடையையே அணுக முடியாமற்போனது. 2019 டிசம்பரில் ரோக்குவின் பழைய மாதிரிகள் சிலவற்றில் நெட்ஃபிளிக்ஸ் நின்றது. நெட்ஃபிளிக்ஸுக்காகவே பிறந்த குடும்பத்துப் பெட்டிகளுக்கு இந்நிலை! 2012-இல் வந்த மூன்றாம் தலைமுறை ஆப்பிள் டி.வி.யில் யூடியூப் 2021 மார்ச்சிலும், நெட்ஃபிளிக்ஸ் 2024 ஜூலை இறுதியிலும் நிறுத்தப்பட்டன.

இந்த ஐந்தையும் ஒருமுறை வரிசையாக எண்ணிப் பாருங்கள். முதலாவது மட்டுமே பெட்டிக்குள் நிகழ்கிறது. ஏனைய நான்கும் வெளியே நிகழும் மாற்றங்கள். பெட்டி நின்ற இடத்தில் நிற்கிறது; உலகம் நகர்ந்துவிடுகிறது.

மருந்து கண்டவர்கள்

மேலே நாம் கண்ட மூன்று வழிகளில் மொழிபெயர்ப்பாளர் வழியை மிக அழகாகக் கையாண்டது ஸ்லிம்பி3. அக்கருவியின் சில்லுக்கு எம்.பி.3 தவிர வேறெதுவும் தெரியாது. ஆனால் பாடல்கள் இருந்த கணிப்பொறியில் ஓடிய மென்பொருள், வேறு வகைக் கோப்பு எதுவாயினும் அதை அங்கேயே எம்.பி.3 ஆக மாற்றி அனுப்பும். இதனால் கருவி பிறந்தபோது வழக்கில் இல்லாத கோப்பு வகைகளையும் அது இசைத்தது. கடினமான வேலையைக் கணிப்பொறியிடம் விட்டுவிட்டு, எளிய வேலையைப் பெட்டியிடம் தந்த இந்த முறைதான் அதன் நீண்ட ஆயுளின் இரகசியம்.

2006-இல் அந்நிறுவனத்தை லாஜிடெக் வாங்கியது. 2012-இல் ஸ்குவீஸ்பாக்ஸ் உற்பத்தி நின்றது. 2024-இல் அதற்கென இயங்கிவந்த இணையச் சேவையும் மூடப்பட்டது. கதை முடிந்தது என்று எண்ணுகிறீர்களா? இல்லை. வீட்டுக் கணிப்பொறியில் ஓடும் அந்த மென்பொருள் தொடக்கம் முதலே திறந்த மூல மென்பொருளாக, அதாவது யாரும் படிக்கவும் திருத்தவும் கூடியதாக, இருந்தது. ஆர்வலர்கள் அதனை எடுத்துக்கொண்டு லிரியன் மியூசிக் சர்வர் என்ற புதுப்பெயரில் தொடர்ந்து வளர்க்கிறார்கள். ஆக்கிய நிறுவனம் கைவிட்ட பின்னும் பெட்டிகள் பாடிக்கொண்டிருக்கின்றன.

முதல் ஆப்பிள் டி.வி.யின் கதையும் சுவையானது. அதன் சில்லுக்கு 1080 வரிப் படத்தை விரிக்கும் ஆற்றல் இல்லை. ஆனால் உள்ளே கம்பியில்லா இணைப்புக்கான அட்டை செருகும் ஓர் இடம் இருந்தது. ஆர்வலர்கள் அந்த அட்டையைக் கழற்றிவிட்டு, பிராட்காம் நிறுவனத்தின் கிரிஸ்டல் எச்.டி. என்னும் விரிப்பு அட்டையைச் செருகினார்கள், மென்பொருளையும் மாற்றினார்கள். கம்பியில்லா இணைப்பு போயிற்று. கம்பி இணைப்பு இருந்தது. பெட்டிக்கு மறுவாழ்வு கிடைத்தது.

எல்லாப் பெட்டிக்கும் இந்த வாய்ப்பு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். எக்ஸ்பாக்ஸில் பிறந்த மென்பொருளே 2010-இல் தன் தாய்வீட்டை விட்டு வெளியேறியது. 64 மெகாபைட் நினைவகத்தில் இனி வளர வழியில்லை என்ற நிலை வந்தது. தனியே சிலர் அந்தக் கிளையைப் பேணினார்கள். மையக் குழு புதிய கருவிகளை நோக்கி நகர்ந்தது. பழையதைக் காப்பதற்கும் ஓர் எல்லை உண்டு என்பது இதனால் விளங்கும்.

2020 ஜனவரியில் நிகழ்ந்ததையும் இங்கே குறிப்பிட வேண்டும். சோனோஸ் என்னும் ஒலிக்கருவி நிறுவனம், தன் பழைய கருவிகளுக்கு அவ்வாண்டு மே மாதத்துடன் மென்பொருள் புதுப்பித்தலை நிறுத்தப்போவதாக அறிவித்தது. பழையதைத் தந்து புதியது வாங்குவோருக்கு 30 சதவீதச் சலுகை தரும் திட்டம் ஒன்றும் ஏற்கெனவே நடந்துவந்தது. அதில் சேர்ந்தவரின் கருவி 21 நாட்களில் நிரந்தரமாகச் செயலற்றுப் போகும்படி செய்யப்பட்டது. நன்றாகப் பாடும் பெட்டியை வேண்டுமென்றே ஊமையாக்குவதா என்று மக்கள் வெகுண்டார்கள். சில நாட்களிலேயே நிறுவனத் தலைவர் மன்னிப்புக் கோரினார். செயலிழக்கச் செய்யும் முறை கைவிடப்பட்டது. பழைய கருவிகளுக்கெனத் தனி மென்பொருளும், புதியவற்றுக்கெனத் தனி மென்பொருளும் அமைந்தன. கேட்போர் இருந்தால் வழியும் பிறக்கும் என்பதற்கு இது சான்று.

நீங்கள் எப்படி முடிவு செய்வீர்கள்?

உங்கள் வீட்டில் ஒரு பழைய பெட்டி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை வைத்துக்கொள்வதா, மாற்றுவதா? முதலில், அதன் நோய் ஐந்தில் எந்த வகை என்று பாருங்கள். மின்வழங்கி கெட்டிருந்தால் புதுப்பெட்டி வாங்குவது வீண்செலவு. விரிக்கும் திறன்தான் குறை என்றால், உங்கள் சொந்தக் கோப்புகளைப் பழைய சுருக்க முறைக்கு வீட்டுக் கணிப்பொறியிலேயே மாற்றிக்கொள்ளலாம். நினைவகம் திணறினால், வேண்டாத செயலிகளை நீக்கி ஒரே வேலைக்கு அப்பெட்டியை ஒதுக்கலாம். பாட்டு மட்டும் கேட்பதற்கும், வீட்டுப் புகைப்படங்களைத் திரையில் காட்டுவதற்கும் பழைய பெட்டிக்கு வலிமை போதும்.

தொலைக்காட்சியே ஸ்ட்ரீமிங் செயலிகளோடு வந்து, அச்செயலிகள் மட்டும் மூப்படைந்திருந்தால், தொலைக்காட்சியைக் கைவிட வேண்டியதில்லை. திரை நன்றாக இருக்கும், அதன் எச்.டி.எம்.ஐ. துளையில் ஒரு சிறு பெட்டியைச் செருகினால் போதும். 2009-இல் அமெரிக்க வீடுகளில் மாற்றிப் பெட்டி செய்த அதே வேலையை இது செய்யும். பெரிய திரையைக் காத்துச் சிறிய பெட்டியை மாற்றுவது அறிவுடைமை.

"பழைய கருவி மின்சாரத்தை விழுங்குமே!" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. எடுத்துக்காட்டாக, பழைய பெட்டி 15 வாட்டும் புதியது 3 வாட்டும் எடுப்பதாகக் கொள்வோம். இரவும் பகலும் ஓடினால் பழையது ஆண்டுக்குச் சுமார் 131 யூனிட்டும், புதியது 26 யூனிட்டும் செலவிடும். புதியதே வென்றது. ஆனால் பழைய பெட்டியை நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் மட்டும் ஓட்டி, மற்ற வேளையில் சுவரில் உள்ள சுவிட்சை அணைத்துவிட்டால்? ஆண்டுச் செலவு சுமார் 16 யூனிட் மட்டுமே. அணைக்காத புதுப்பெட்டியைவிட அணைத்து வைக்கும் பழைய பெட்டி குறைவாக எடுக்கிறது! உங்கள் பெட்டியின் அடியில் அச்சிட்டிருப்பது பெரும அளவு. உண்மை அளவை ஒரு மின்னளவியால் அறிந்து இக்கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

பாதுகாப்பைப் பற்றியும் ஒரு சொல். புதுப்பித்தல் நின்ற கருவியில் பின்னாளில் கண்டறியப்படும் ஓட்டைகளை அடைக்க ஆள் இல்லை. 2021 மார்ச்சில், இணைய இரகசியக் காப்பு நெறியின் பழைய இரு பதிப்புகள் கைவிடத்தக்கவை என இணையப் பொறியியல் பணிக்குழு முறையாக அறிவித்தது. அப்பதிப்புகளை மட்டுமே அறிந்த பெட்டியில் பணம் செலுத்தும் விவரங்களையோ, முக்கியக் கடவுச்சொற்களையோ வைப்பது தகாது. அத்தகைய பெட்டியை வெளி இணையத்திலிருந்து பிரித்து, வீட்டுக்குள் இருக்கும் கோப்புகளை இசைக்க மட்டும் பயன்படுத்துங்கள். அதுவும் இயலாதென்றால் அதற்கு ஓய்வு கொடுக்கும் காலம் வந்துவிட்டது. ஓய்வு பெறும் பெட்டியைக் குப்பையில் இடாமல், மின்னணுக் கழிவு பெறும் இடத்தில் சேர்க்க வேண்டும். அதற்கு முன் அதிலுள்ள உங்கள் கணக்குகளை அழிக்கவும் வேண்டும்.

இந்த எச்சரிக்கைக்குக் காரணம் உண்டு. ஐக்கிய நாடுகள் அமைப்புகள் 2024-இல் வெளியிட்ட கணக்கின்படி, 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது. அதில் முறைப்படி திரட்டப்பட்டு மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 சதவீதமே. ஒரு சிறு பெட்டியின் எடை நூறு கிராமாக இருக்கலாம். ஆனால் அதன் சில்லுகளை உருவாக்கச் செலவான நீரும் மின்சாரமும் கனிமங்களும் அந்த எடையில் தெரிவதில்லை.

வாங்கும்போதே கேட்க வேண்டிய கேள்வி

பழைய பெட்டியைக் காக்கும் வேலை அது பழையதான பின் தொடங்குவதன்று. வாங்கும் நாளிலேயே தொடங்குகிறது. "எத்தனை ஆண்டுகளுக்குப் புதுப்பித்தல் தருவீர்கள்? நிறுவனத்தின் சேவை நின்றால் இக்கருவி என் வீட்டுக்குள் தனித்து இயங்குமா? வேறு மென்பொருளை இதில் ஏற்ற இயலுமா?" இந்த மூன்று கேள்விகளும் விலையைப் போலவே முக்கியமானவை.

சில நாடுகளில் சட்டமும் இக்கேள்விகளைக் கேட்கத் தொடங்கிவிட்டது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், இணையத்தோடு இணையும் வீட்டுக் கருவிகளுக்குக் குறைந்தது எவ்வளவு காலம் பாதுகாப்புப் புதுப்பித்தல் கிடைக்கும் என்பதைத் தயாரிப்பாளர் வெளிப்படையாகக் கூறியாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின் முதன்மைக் கடமைகள் 2027 டிசம்பர் முதல் பொருந்தும். அதன்படி, குறுகிய ஆயுளுக்கென்றே அமைந்த பொருள்கள் நீங்கலாக, குறைந்தது ஐந்து ஆண்டுகள் ஆதரவு தரப்பட வேண்டும்.

1953-இல் வண்ணத் தொலைக்காட்சியை வகுத்தவர்கள் பழைய பெட்டி வைத்திருந்தவரையும் கணக்கில் கொண்டார்கள். அது வெறும் நல்லெண்ணம் அன்று. அந்த வீடுகளை இழந்துவிட்டு ஒளிபரப்பு வாழ முடியாது என்ற உண்மையும் அதில் இருந்தது. இன்று பெட்டி மலிவு. ஆகவே அந்த நெருக்கடி இல்லை. புதியதை வாங்குவது தவறென்று யாரும் சொல்ல மாட்டார்கள். தேவை வந்தால் வாங்கத்தான் வேண்டும். ஆனால் அந்தத் தேவை உண்மையில் நம்முடையதா, வேறெவரோ குறித்துவைத்த தேதியால் வந்ததா என்று பிரித்தறியும் திறன் நமக்கு வேண்டும். அடுத்த முறை உங்கள் வீட்டுப் பெட்டி பேச மறுக்கும்போது, கடைக்குப் புறப்படுமுன் இந்த ஐந்து மூப்புகளையும் எண்ணி, அதற்கு வந்தது எது என்று ஒருமுறை பாருங்கள்.